சும்மா, ஏரி பார்க்க

காய்ச்சல் என்று எழுதாமல், வயிற்றுவலி என்று எழுதாமல், ஊரில் இருக்கும் அத்தையைச் சாகடிக்காமல் லீவு வாங்கிய ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிர் ஜன்னலில் உட்கார்ந்து வருவார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பிரிவின் சூப்பர்வைசர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நம்பரைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பின் மறுமுனையில் இருந்தவர் அவர்.

ஒருமுறை லீவு விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில், 'கோவளத்தில் கடல் பார்க்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினாராம்.

"என்னம்மா இது? இப்படியெல்லாம் எழுதக் கூடாது. ஃபீவர்னு போடுங்க."

"ஃபீவர் இல்லையே சார்."

"தெரியும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"எனக்கு லீவு பாக்கி இருக்குது சார். அதை ஃபீவருக்கு மட்டும்தான் எடுக்கணும்னு ரூல் இருக்கா?"

மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அக்கா கேளம்பாக்கம் போய் பஸ் மாறி, கோவளத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மறுநாள் ரயிலில் நாங்கள் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். கடலைப் பற்றி எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டதுதான் ஒரு வாரம் எங்கள் பெட்டி முழுக்கப் பேச்சு.

அக்கா மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுப் பக்கம், ஒரு வீட்டின் பின்பகுதியில் தனியாகக் குடியிருந்தார். அதற்கு முன் கேட்ட மூன்று வீடுகள் கிடைக்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே கேள்வி. "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" மூன்று இடத்திலும் இவர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். "விட்டுட்டு வந்துட்டேன்."

எங்கள் கூட்டத்தில் ஃபிலோமினா என்று ஒருத்தி. பாங்கில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவள், வாயாடி. அவள் கேட்டாள்: "பம்பாய்ல வேலை பாக்குறாருன்னு சொல்லிட்டா என்னக்கா? யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஏன் வரலைன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பொய். ஈஸ்டருக்கு ஒண்ணு. விட்டுட்டு வந்த ஆளைப் பொய்யில கூட்டிட்டு வந்து, ஆயுசு பூரா அவனுக்கு நான் குடித்தனம் பண்ணணுமா?"

நான்காவது வீடு ஒரு ரிட்டயரான ரயில்வே கார்டுடையது. அவர் மனைவிதான் கதவைத் திறந்தாராம். அதே கேள்வி, அதே பதில். அந்த அம்மாள், "அடிச்சானா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா" என்றார் அக்கா. "கிணத்துத் தண்ணிதான், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் சாவியை எடுத்து வரப் போய்விட்டார்.

மலைக்குப் போகும் யோசனை எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஜோலார்பேட்டை எக்ஸ்சேஞ்சில் இருந்த ஓர் ஆபரேட்டரோடு அக்கா ஆறு வருஷமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தார், முகம் தெரியாமலே. ஒரு மத்தியானம் லைன் ஓய்ந்திருந்த நேரத்தில் அந்த மனிதர் தன் மனைவியின் ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஏலகிரி மலைமேல் ஒரு சின்ன ஊர். ஓர் ஏரி. சுற்றிப் பலாமரம். பார்க்க வருகிறவர்கள் என்று யாரும் பெரிதாகக் கிடையாது. காலையில் புறப்பட்டால் இரவுக்குள் மெட்ராஸ் திரும்பிவிடலாம்.

"நாம போலாமா?" என்று அக்கா மறுநாள் ரயிலில் கேட்டார். பல்லாவரம் தாண்டுவதற்குள் அக்காவோடு ஏழு பேர் சேர்ந்துவிட்டோம். மகாபலிபுரம் எல்லோரும் போனவர்கள்தான். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு, எல்லோரும் சாப்பிட்டபின் இலை பொறுக்கிவிட்டு வந்தவர்கள். எங்களுக்காக என்று நாங்கள் எங்கும் போனது கிடையாது.

சைதாப்பேட்டை வந்தபோது ஒருத்தி கேட்டாள்: "வீட்ல என்ன சொல்றது?"

உடனே ஆளுக்கொன்று சொன்னோம். திருத்தணிக்கு வேண்டுதல். கூட வேலை பார்க்கிறவள் கல்யாணம். டிரெய்னிங். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மலைக்குப் போறோம். ஏரி பாக்க. பொம்பளைங்க மட்டும். சும்மா. இதுல எந்த வார்த்தையை மறைக்கணும்? நீங்களே சொல்லுங்க."

சரோஜாதான் மெதுவாகச் சொன்னாள்: "சும்மாங்கறதுதான்க்கா."

எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் சரோஜா. அவள் சொன்னது சரி. மலை, ஏரி, பெண்கள் என்பதையெல்லாம்கூட எப்படியாவது சொல்லிவிடலாம். 'சும்மா' என்பதை வீட்டில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது.

"உங்களுக்கு வாய் வராட்டி நான் வந்து சொல்றேன்" என்றார் அக்கா. "ஆனா அதைத்தான் சொல்லுவேன்."

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பயணத் திட்டத்தை அதில் எழுதினார். சென்ட்ரலிலிருந்து வண்டி, ஜோலார்பேட்டையில் இறங்கும் நேரம், மலைக்கு ஏறும் பஸ், மூன்று மணிக்கு இறங்கும் பஸ், எல்லாம் அதில் இருந்தன. தெரியாததையும் எழுதிவைத்திருந்தார். 'குடிதண்ணீர்: தெரியாது. மழை: தெரியாது. பெண்கள் ஒதுங்க இடம்: தெரியாது, இருக்காது.' இப்படி ஒரு பிளானை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சில வருஷங்கள் கழித்து அவர் மாற்றலாகித் திருநெல்வேலிப் பக்கம் போனபிறகு எழுதிய கடிதங்களும் அப்படித்தான் இருக்கும். 'நலமா என்று கேட்டிருந்தாய். முழங்கால் வலி. பக்கத்து வீட்டாரோடு சண்டை, தப்பு பாதி என்மேல். மற்றபடி சந்தோஷமாக இருக்கிறேன்.'

சரோஜா வீட்டுக்கு அக்கா போனபோது நானும் கூடப் போனேன். பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையை ஒட்டிய வீடு. அவள் புருஷன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினை மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா அதையே சொன்னார்: மலை, ஏரி, பெண்கள் மட்டும், சும்மா.

அவன் சிரித்துவிட்டான். "இன்னாமா, ஏரி பாக்கணுமா? தோ எதிர்லயே கீதே. வாசல்ல நின்னு நாளெல்லாம் பாத்துகினு இருக்கச் சொல்லுங்க. அதுக்கு ரயிலேறிப் போவணுமா?"

"இந்த ஏரியில சரோஜா துணி துவைக்கிறா. மாடு குளிப்பாட்டுறா. அந்த ஏரியில அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. அதுக்குத்தான்."

அவன் செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "ஆம்பள தொணைக்கு யாரு வராங்க?"

"யாரும் வரலை."

"பயமா இல்லியா உங்களுக்கு?"

"இருக்கு" என்றார் அக்கா. "போகாத ஊரு பாருங்க. ஆனா ரயில் இருக்கு, பஸ் இருக்கு, நாங்க இத்தனை பேர் இருக்கோம்."

பயமில்லை என்ற பதிலுக்கு அவன் ஏதோ தயாராக வைத்திருந்தான் போல. பயம் இருக்கிறது என்றதும் மறுபடி செயினைக் கையில் எடுத்தான். உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது: "போய்ட்டு வரட்டும்டா. ஒரு நாளு மாட்டை நீ பாத்துக்கோ."

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. குரோம்பேட்டையில் கமலா என்று, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவள் மாமனார் நல்ல மனிதர். அக்காவை உட்காரவைத்து, காபி கொடுத்து, அவரே ஒரு வழியும் காட்டினார்: "எனக்கு ஒண்ணுமில்லைம்மா. பக்கத்து வீட்ல கேட்டா சொல்லணும். துணைக்கு ஒரு ஆண் வரார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பறேன்."

"வரலையே சார்" என்றார் அக்கா.

கமலா வரவில்லை. மறுநாள் ரயிலில் அழுதாள். "அவரே எடுத்துக் கொடுத்தார் அக்கா. ஒரு வார்த்தைதானே? உங்க நேர்மைக்கு நான்தான் கிடைச்சேனா?"

நியாயம் ஏதாவது சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அக்கா சொல்லவில்லை. "ஆமா கமலா. உனக்கு என்னாலதான் போச்சு" என்றார். கமலா அன்றிலிருந்து அடுத்த பெண்கள் பெட்டிக்கு மாறிப் போய்விட்டாள். தினமும் குரோம்பேட்டை வரும்போது அக்கா ஜன்னல் வழியாக அவளைத் தேடிக் கை காட்டுவார். மூன்று வாரம் அவள் பார்க்காத மாதிரி நின்றாள். அப்புறம் ஒருநாள் அவளும் கையைத் தூக்கினாள். அந்த விஷயத்தில் அக்கா செய்தது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. கமலாவுக்கு அந்த ஒரு நாள் கிடைத்திருக்கலாம்.

இன்னும் இரண்டு பேர் வீட்டிலும் விடவில்லை. இப்படி ஏழு பேர் நாலு பேரானோம். அக்கா, ஃபிலோமினா, சரோஜா, நான்.

என் வீட்டுக்கு அக்கா வரவில்லை. "எங்க வீட்ல நானே சொல்லிட்டேன் அக்கா" என்று சொல்லியிருந்தேன். சொல்லத்தான் செய்தேன். என்ன சொன்னேன் என்பதுதான் விஷயம். ஹார்பர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. சேலையூரில் வீடு. கணவர், மாமியார், நான். "ஆபீஸ் லேடீஸ் எல்லாரும் போறாங்க. ஆபீசரோட சம்சாரம் கூட்டிட்டுப் போறாங்க. பியூன் துணைக்கு வரார்" என்று சொல்லியிருந்தேன். ஆபீசர் சம்சாரம் என்றதும் மாமியார் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கொடுத்தார். அதை உடுத்திக்கொண்டுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு அந்த வாரம் வர மாட்டேன் என்று போதகரிடம் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தார், என்ன காரணம் என்பதையும் சேர்த்து.

மலைமேல் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெரிய ஏரியும் இல்லை அது. சுற்றிவந்தால் அரை மணிதான். தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. கரையில் ஒரு பெண் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"கோயிலுக்கு இல்லம்மா. ஏரி பாக்க வந்தோம்."

"அதுல என்னா இருக்குது?"

"தண்ணிதான்" என்றார் அக்கா.

அந்தப் பெண் திரும்பி ஏரியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து ஒரு கை எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டாள்.

சாப்பிட்டதும் சரோஜா ஒரு மரத்தடியில் தூங்கிப்போனாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் பகலில் தூங்கியதில்லையாம். ஃபிலோமினா கால்களைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு ஏதோ கீர்த்தனை பாடினாள். நான் மாமியாரின் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏரிக்குள் நடந்தேன். அக்கா கரையில் உட்கார்ந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நிம்மதியான முகம் எங்கள் ரயிலில் நான் பார்த்ததில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்காகப் போய் நின்றோம். மூன்றரை வரை வரவில்லை. பெட்டிக்கடைக்காரர் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி கிடையாது, இனிமேல் நாளைக் காலையில்தான் என்று.

அக்கா நோட்டைப் பிரித்துப் பார்த்தார். மூடினார். "தப்பு என்னுது. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை ஓடுமான்னு கேக்கலை" என்றார். யாராவது அவரைத் திட்டியிருந்தால்கூட அதற்குமேல் சொல்லியிருக்க முடியாது.

எங்களோடு சாப்பிட்ட அந்தப் பெண்தான் ஒற்றையடிப் பாதை வரை கொண்டுவந்து விட்டாள். இறங்க இரண்டரை மணி நேரம். சரோஜா முன்னால் வெறுங்காலோடு தாவித் தாவிப் போனாள். நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஜோலார்பேட்டை வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டி மெட்ராஸ் சேர விடியற்காலை ஆகிவிடும்.

அக்கா நேராக அங்கிருந்த சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஜன்னல் வழியாக, "கொஞ்சம் பேசணும்" என்றதுதான் தாமதம். உள்ளே ஹெட்போன் மாட்டியிருந்த நரைத்த தலை திரும்பியது. "மெட்ராஸா? நீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார் அந்த ஆபரேட்டர். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் உடனே லைன் போட உட்கார்ந்தார்.

எங்கள் வீடுகளில் போன் கிடையாது, பக்கத்தில் போன் உள்ள இடத்துக்குத்தான் பேசிச் சொல்லி அனுப்ப வேண்டும். சரோஜாவுக்குப் பெருங்களத்தூரில் ஒரு ரைஸ் மில். ஃபிலோமினாவுக்குப் பக்கத்து வீடு. எனக்குக் கேம்ப் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப். மற்ற இருவருக்கும் பேசி முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "கௌரி, உங்க வீட்டுக்கு என்ன சொல்லச் சொல்ல?"

அங்கேதான் நான் உடைந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசர் சம்சாரம், பியூன், புடவை, எல்லாம். "ஆபீஸ் வண்டி ரிப்பேர்னு மட்டும் சொல்லிடுங்கக்கா. உங்க கால்ல விழறேன்."

ஃபிலோமினா, "சொல்லிடுங்கக்கா, பாவம்" என்றாள். அக்கா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "உன் பொய்யை நான் சொல்ல மாட்டேன் கௌரி. உன் உண்மையையும் நான் சொல்லிடக் கூடாது. அது நீ சொல்ல வேண்டியது."

பிறகு மெடிக்கல் ஷாப்காரரிடம் பேசினார். "கௌரி வீட்டுக்குச் சொல்லிடுங்க அண்ணா. மலையில பஸ் கிடைக்கலை. கௌரி நல்லா இருக்கா. காலையில முதல் வண்டியில தாம்பரம் வந்துடுவா. நான் கூடவே இருக்கேன்."

ரயிலில் நான் கேட்டேன்: "என்மேல கோபமா அக்கா?"

"இல்ல. வீட்ல விட மாட்டாங்கன்னு உனக்குப் பயம். ஒரு தடவை பொய் சொன்னா நிறுத்த முடியாதுன்னு எனக்குப் பயம். ஒரு காலத்துல நிறைய சொன்னவதான் நானும். முகத்துல காயம் இருந்தா வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவேன். நாலு வருஷம் சொன்னேன்."

சென்ட்ரலில் இறங்கி, தாம்பரத்துக்கு முதல் மின்சார ரயிலைப் பிடித்தோம்.

விடியும் நேரத்தில் தாம்பரம் வந்து இறங்கினோம். பிளாட்பாரத்தில் என் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை.

"மத்தவங்கல்லாம் எங்க? ஆபீசர் சம்சாரம்?"

ஃபிலோமினாவும் சரோஜாவும் நழுவிவிட்டார்கள். அக்கா மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காது கேட்காத தூரம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரம். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அவங்க யாரும் வரலை" என்றேன். "ஆபீஸ்ல யாருமே வரலை. நாங்க நாலு பேர்தான் போனோம். உங்ககிட்டயும் அத்தைகிட்டயும் பொய் சொன்னேன்."

"எதுக்குப் போனீங்க?"

"சும்மா. ஏரி பாக்க."

அவர் முகம் இறுகியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். படி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேற்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். மலையில் இறங்கியதில் ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து வைத்தார்.

சைக்கிள் இருந்தும் என் கணவர் ஏறவில்லை, கேம்ப் ரோடு வரை தள்ளிக்கொண்டே நடந்தார். பால்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வீட்டுக்குப் போனதும் மாமியாரிடமும் நானே சொல்ல வேண்டும். சொன்னேன்தான். ஒன்பது நாள் மாமியார் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு ரோட்டில் நடந்தபோது ஏதோ மனதிலிருந்து இறங்கிவிட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் தெரு திரும்பும் இடத்தில் கணவர் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அந்த ஏரியில தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். "நிறைய இருந்துச்சு. முழங்கால் வரைக்கும் இறங்கி நின்னேன்."

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார், கொஞ்சம் மெதுவாக. நான் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டு, வீட்டு வாசல் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.